முன்திறப்பு

தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய்க்கு மூச்சு வரும். அந்தத் தெருவில் நடக்கப் பழகாத குழந்தைகளுக்குக்கூட அது தெரியும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். மதியச் சாப்பாடு முடிந்து, எச்சில் தட்டுகள் காய்ந்து கிடக்கும் நேரம். சன்னல் கம்பியைத் தொட்டால் கை சுடும். எல்லா வீட்டிலும் குழாய் திறந்தேதான் கிடக்கும். வந்தால் தெரிய வேண்டுமே. அந்தத் திறந்த வாயிலிருந்து முதலில் காற்று வரும். யாரோ தூக்கத்தில் விடுவது போல மெல்ல ஆரம்பித்து, தொண்டையில் சளி கட்டினாற்போலக் கரகரக்கும். பிறகு துரு வாடை. அதற்கப்புறம்தான் தண்ணீர். வெறும் காற்றுக்கே மீட்டர் சுற்றும். "நம்ம மூச்சுக்குத்தான் இன்னும் மீட்டர் வெக்கல" என்று எதிர்வரிசைத் தையல்காரி வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்.

தெருக் கோடியில் எட்டுக் கால்களில் மேல்நிலைத் தொட்டி நின்றது. அதன் வயிற்றுக்குக் கீழே ஊழியருக்கான வீடு ஒன்று. ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்பக்கம் துணி காயப்போடும் அளவுக்கு இடம். உச்சிவேளையில் தெருவெல்லாம் வெயில் கொளுத்தும்போதும் அந்த வீட்டின் மேல் நிழல்தான். சுவர்கள் எப்போதும் வேர்த்திருக்கும். தலைக்கு மேலே அவ்வளவு தண்ணீர் அசையாமல் நிற்கிறது என்ற நினைப்பு புதிதாக வருகிறவர்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அங்கேயே இருந்தவர்களுக்கு அது இல்லாவிட்டால்தான் தூக்கம் வராது.

வீட்டு வாசலுக்கு முன்னால் தரையில் ஒரு இரும்பு மூடி. அதற்கடியில் குழி. குழிக்குள் வால்வு. சுற்றுவட்டாரத் தெருக்களுக்கெல்லாம் அதைத் தாண்டித்தான் தண்ணீர் போக வேண்டும். ஆள் இடுப்புயர இரும்புச் சாவியைக் குழிக்குள் இறக்கி, அதன் கைப்பிடியைத் தோளால் தள்ளித் தள்ளிச் சுற்றித் திறக்க வேண்டும். அந்த வேலையைச் செய்தவர் வால்வுக்காரர். அவர் மனைவி வால்வுக்காரம்மா. இருவருக்கும் வேறு பெயர் இருந்திருக்கும்தான். தெருவுக்கு அது தேவைப்படவில்லை.

வால்வைத் திறப்பதில் கைக்குக் கை வித்தியாசம் உண்டு. அவசரமாகத் திறந்தால், காலியாகக் கிடந்த குழாயின் காற்றைத் தண்ணீர் பின்னாலிருந்து இடித்துத் தள்ளும். எங்காவது ஓர் இணைப்பு வெடிக்கும், குழாய்த் தலை தெறித்துச் சுவரில் அடிக்கும். வால்வுக்காரரின் கை அப்படியல்ல. முதலில் கொஞ்சம் திறப்பார். குழாய்களில் மூச்சு கிளம்பும். உடனே திரும்ப மூடிவிடுவார். மூச்சு அப்படியே நின்றுவிடும், யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போல. தெருவும் அந்த நேரத்தில் பேச்சை நிறுத்திக்கொள்ளும். பிறகு மறுபடி திறப்பார், மெதுவாக, முழுவதும். அவர் இருந்தவரை அந்தப் பகுதியில் ஒரு குழாய்கூட வெடித்ததில்லை. சாவதற்கு முந்தைய கோடையில் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து சாவியின் கழுத்தில் தீப்பெட்டி அளவில் ஏதோ ஒன்றை மாட்டி வைத்து, சில நாள் கழித்துக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதைப் பற்றி அப்புறம் யாரும் நினைக்கவில்லை.

மழைக்காலம் முடியும் சமயத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

அவருக்குப் பதிலாக வந்த தற்காலிக ஆளின் கை முரட்டுக் கை. வந்த வாரமே தையல்காரி வீட்டுக் குழாய்த் தலை பிய்த்துக்கொண்டு போய், தைத்து அடுக்கி வைத்திருந்த பள்ளிச் சீருடைகள் மொத்தமும் துருத் தண்ணீரில் ஊறிப்போயின. அவள் தெருவில் நின்று அந்த ஆளின் ஏழு தலைமுறையையும் விசாரித்தாள். கோடை தொடங்கியபோது அலுவலகத்துக்காரர்கள் வந்து, தெருவின் பழைய இரும்புக் குழாய்களைப் பிடுங்கிப் போட்டு பிளாஸ்டிக் குழாய் பதித்தார்கள். வால்வில் ஒரு மோட்டாரைப் பொருத்தி, மூடிக்குப் பூட்டும் போட்டார்கள். இனி ஆளே வேண்டாம், எங்கோ ஓர் அறையில் இருக்கும் கம்ப்யூட்டர் திறக்கும், மூடும் என்றார்கள்.

மோட்டார் திறந்த முதல் நாள் எல்லாரும் வாளியோடு வாசலில் நின்றார்கள். குழிப் பக்கம் ஆள் இல்லை. பூட்டு வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. குழாய்களில் மூச்சு வந்தது, மெல்ல.

நின்றது.

தையல்காரியின் மெஷின் நடுத் தையலில் நின்றது. யாரோ ஒருவர் "ஐயோ" என்றார், சத்தமில்லாமல். அந்த அமைதிக்குள் தொட்டியடி வீட்டுக்குள்ளிருந்து டங், டங், டங் என்று சத்தம் கேட்டது. வால்வுக்காரம்மா கரண்டியால் குழாயின் கழுத்தில் தட்டினாள். அதற்கப்புறம் தண்ணீர் வந்தது.

தையல்காரி வாளியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

"அக்கா, என்னக்கா இது? உங்க வீட்டுக்காரர் கையாட்டமே இருக்கு!"

வால்வுக்காரம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"ஆட்டம் என்ன ஆட்டம். அவரு கைதான்."

*

கோடை முற்றியபோது மகள் வந்தாள். நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி, இடுப்பில் கைக்குழந்தையோடும் தோளில் காலிப் பைகளோடும் வந்தாள். தொட்டியின் கால்களில் விரிசல் விழுந்துவிட்டது. மேட்டில் புதிதாக ஒரு தொட்டி கட்டி முடித்துவிட்டார்கள். பழையதை இடிக்கப் போகிறார்கள், வீட்டோடு சேர்த்து. மாதம் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள்.

சமையலறையில் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

"என்னம்மா, ஒரு டம்ளரக்கூட எடுத்துக் கட்டல?"

"எதுக்குக் கட்டணும்?"

"எதுக்கா? தலைமேல விழுந்தாத்தான் கெளம்புவியா?"

"விழறதுன்னா இத்தன வருஷத்துல விழுந்திருக்கும். ஒக்காரு. மொகமெல்லாம் கறுத்துப் போச்சு. முட்ட வேக வெக்கவா?"

"அப்பா மாதிரியே பேசு."

"அவரு எங்கடி பேசினாரு? நீ எப்பக் கேட்ட?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தையைச் சமையலறைத் தரையில் விட்டாள். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். மூலையில் முழங்கால் உயரத்தில் குழாய், அதற்கடியில் லேசாகப் பள்ளமான சிமெண்டுத் தரை. குழந்தை குப்புற விழுந்து கன்னத்தை ஈரச் சிமெண்டில் வைத்துக்கொண்டது.

"உன் மருமகன் ஒரு ரூம ஒழிச்சு வெச்சிருக்காரும்மா. பத்து வருஷமா ஓடாத சைக்கிள வெளிய போட்டுட்டாரு. அது எவ்வளவு பெரிய தியாகம்னு உனக்குத் தெரியாது. நானே கண்கலங்கிட்டேன்."

"நல்ல மனுஷன்."

"அப்ப கெளம்பு."

"நான் வந்துட்டா யாரு தட்டுறது?"

"அத ஏன் இன்னும் தட்டணும்?"

வால்வுக்காரம்மா முட்டையைத் தண்ணீரில் இறக்கினாள். அடுப்பைக் குறைத்தாள். மகளைப் பார்க்காமலே சொன்னாள்.

"நான் தட்டினாத்தான் உங்கப்பா தொறப்பாரு."

 மகள் குரலைத் தாழ்த்தி, காய்ச்சல்காரரிடம் பேசுவது போலப் பேசினாள்.

"அம்மா. அது மோட்டாரு."

"மோட்டாருன்னா விர்ருனு தொறந்துட்டுப் போகணும்ல? அது ஏன் நிக்குது? யாருக்காக நிக்குது?"

மகள் எழுந்து எதிர்வரிசைக்குப் போனாள். தையல்காரி பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் ஊக்கை வாயிலிருந்து எடுத்தாள்.

"வா பாப்பா. உங்கம்மாவக் கூட்டிட்டுப் போகத்தானே வந்திருக்க? தெருவே பயந்து கெடக்கு."

"எதுக்குப் பயம்? அம்மாவுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நான் வந்தா, நீங்களும் சேந்துட்டீங்களா?"

"மொதல்ல நாங்களும் சிரிச்சோம். இப்ப எவளும் சிரிக்கிறதில்ல. மூச்சு வந்து நிக்குது பாரு, அப்ப என் வீட்டுக்காரரு இருமக்கூட மாட்டாரு. அவரு வாய மூடி நான் பாத்ததே அந்தக் கொஞ்ச நேரந்தான்." அவள் சிரித்தாள், ஆனால் தொட்டிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அக்கா போயிட்டா யாரு தட்டுவாங்கன்னு ஒரே பேச்சு. மோட்டாரோ என்னவோ. வர்ற தண்ணிய எதுக்குக் கெடுத்துக்கணும்?"

மறுநாள் தண்ணீர் நாள். சாப்பிட்டு முடித்ததும் வால்வுக்காரம்மா துணிகளை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போனாள். குழந்தை சமையலறைத் தரையில் ஒரு பழைய துணியின்மேல் தூங்கிக்கொண்டிருந்தது, கால்கள் குழாயடிப் பள்ளத்தில். மகள் கூடத்தில் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். வெயிலில் தெரு காலியாக இருந்தது.

மூச்சுச் சத்தத்தில் விழித்தாள். சின்ன வயது முழுக்கக் கேட்ட சத்தம். அப்பா வெளியே நிற்கிறார் என்று தூக்கக் கலக்கத்தில் ஒரு கணம் நினைத்தும்விட்டாள். பிறகு சத்தம் நின்றது. அப்போதுதான் முழுதாக விழிப்பு வந்தது.

எதிர்வரிசையில் மெஷின் சத்தம் நின்றது. பக்கத்து வீட்டில் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. மகள் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். குழாயின் வாய் கறுப்பாகத் திறந்திருந்தது. அடியில் வாளி வைக்கவில்லை. குழந்தை உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டு தூங்கியது. அம்மாவைக் கூப்பிட நினைத்தாள். அந்த அமைதியில் குரல் எழுப்பத் துணியவில்லை. பின்பக்கம் கொடியில் துணி உதறும் சத்தம் ஒன்றுதான் உலகத்தில் மிச்சம் இருந்தது போல இருந்தது. அது முடிவதாகவே தெரியவில்லை. ஒரு துணி. இன்னொரு துணி. குழாய் மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

வால்வுக்காரம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி உள்ளே வந்தாள். குழந்தையைத் துணியோடு சேர்த்து வாரிக் கூடத்தில் போட்டாள். வாளியை இழுத்து வைத்தாள். கரண்டியால் தட்டினாள்.

தண்ணீர் வந்தது.

மகள் குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம்மா நின்னுச்சு?"

"நான் வர்ற வரைக்கும்" என்றாள் அம்மா, அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல.

*

மறுநாள் காலையில் மகள் தண்ணீர் அலுவலகத்துக்குப் போனாள். இப்படியே விட்டால் அம்மாவை அங்கிருந்து கிளப்ப முடியாது, தொட்டியை இடிக்க வரும்போது ஆட்களை வைத்துத் தூக்கிப் போட வேண்டியிருக்கும். அந்தக் காட்சி அவள் கண்முன் வந்து வந்து போனது. நேரே பொறியாளரிடம் போய் நின்றாள். பொறியாளர் அவளைவிட வயதில் சின்னவள். தலையில் வேலைக் குல்லாய், சட்டைக் கையெல்லாம் செம்மண். எப்படியும் அந்த வீட்டைப் பார்க்க வர வேண்டியிருந்தது என்று சொல்லித் தன் வண்டியிலேயே அவளைக் கூட்டி வந்தாள்.

குழியின் பூட்டைத் திறந்து காட்டினாள். உள்ளே ஈரத்தில், தவளை உட்கார்ந்திருப்பது போல ஒரு சாம்பல் நிறப் பெட்டி.

"இதுதாம்மா தொறக்குது. பாத்துக்கோங்க. உள்ள ஆளும் இல்ல, ஒண்ணும் இல்ல."

வால்வுக்காரம்மா குனிந்து பார்த்தாள்.

"ஆள் இருக்காருன்னு நான் சொன்னேனா? கைதான் இருக்கு."

பொறியாளர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். வாசற்படியில் உட்கார்ந்தாள். கொடுத்த டீயை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க சொல்றது ஒரு வகையில சரிதாம்மா. உங்க வீட்டுக்காரர் கைய நாங்க எடுத்து வெச்சிருக்கோம்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டது என்று அவளுக்கே உறைத்தது. அவசரமாக, "அதாவது, அவர் தொறக்கிற விதத்த" என்றாள். "மத்த ஏரியாவுல எல்லாம் குழாய் வெடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இங்க மட்டும் ஒண்ணுகூட இல்ல. அதான் அவர் சாவியில ஒரு கருவி மாட்டி, எப்படித் தொறக்கிறாருன்னு பதிவு பண்ணினோம். மோட்டார் அத அப்படியே செய்யுது."

"சொன்னாரு. என் கைய அளவெடுக்கிறாங்கடி, சட்ட தெக்கப் போறாங்கபோலன்னு."

"கொஞ்சம் தொறந்து, மூடி, நிக்கிறாரே, அதுக்கு முன்திறப்புன்னு பேரு வெச்சிருக்கோம். காத்து அடங்கட்டும்னு நிக்கிறாரு. எவ்வளவு பெரிய யோசன தெரியுமா? எங்க தலைமைப் பொறியாளர் ஒரு பெரிய கூட்டத்துல இதப் பத்திப் பேசினாரு. எல்லாரும் கைதட்டினாங்க. மத்த வால்வுக்கெல்லாம் இதையே போடச் சொல்லியிருக்காங்க."

வால்வுக்காரம்மா சிரித்தாள். அவர் போன பிறகு அவள் சிரித்து மகள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"காத்துக்கா? காத்துக்கு எவன் நின்னான்? அவரு என் தட்டுக்கு நின்னாரு மேடம்."

"என்னது?"

"இதோ நிக்கிறாளே, இவ அப்ப கைக்குழந்த. இப்படி ஒரு கோட. அந்தக் குழாயடியிலதான் போட்டிருந்தேன், குளுகுளுன்னு தூங்கட்டும்னு. நான் அந்தப் பக்கம் போய்ப் பேசிட்டு நின்னுட்டேன். அன்னிக்கு அவரு சீக்கிரமே தொறந்துட்டாரு. குழாய் தொறந்து கெடக்கு. நான் ஓடி வந்தா, வீட்டுக்குள்ள தண்ணி. இவ மல்லாக்கக் கெடக்கா. காது ரெண்டும் தண்ணிக்குள்ள. அழல மேடம். முழிச்சு முழிச்சு என்னப் பாக்கிறா."

மகள் தொட்டியின் கால்மேல் கை வைத்துக்கொண்டாள். இதை அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"தூக்கிட்டுப் போய் அவருகிட்டக் காட்டினேன். ஒரு வார்த்த பேசல. ரெண்டு நாள் சோத்துல கை வெக்கல. அடுத்த தண்ணிக்குச் சொன்னாரு. நான் கொஞ்சம் தொறந்து மூடுறேன். மூச்சு வரும். நீ புள்ளையத் தூக்கிட்டு வந்து குழாயில தட்டு. நீ தட்டுற வரைக்கும் நான் தொறக்க மாட்டேன்னு. அப்ப இரும்புக் குழா. நான் இங்க தட்டினா அங்க அவரு சாவியில அதிரும். அவ்வளவுதான்."

"அப்புறம் இவங்க வளந்துட்டாங்கள்ல?"

"வளந்தா. கல்யாணமாகிப் போனா. நான் தட்டிட்டுத்தான் இருந்தேன், அவரு நின்னுட்டுத்தான் இருந்தாரு. இனிமே வேணாம்னு ரெண்டு பேருமே சொல்லிக்கல. நான் தாமசமாத் தட்டினா மட்டும் சொல்லுவாரு. சாவியப் புடிச்சுட்டே நிக்கணும்ல, தோளு கடுக்குதுடின்னு."

பொறியாளர் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது.

"கூட்டத்துல அவ்வளவு பேர் கைதட்டினாங்களேம்மா" என்றாள்.

டீயைக் குடித்து முடித்த பிறகு அவள் குரல் மெதுவாகிவிட்டது. "ஆனா ஒண்ணும்மா. அவர் நின்னது உங்களுக்காக இருக்கலாம். மோட்டார் அப்படி இல்ல. இவ்வளவு நேரம்னு அதுக்குச் சொல்லி வெச்சிருக்கு. நீங்க தட்டினாலும் தொறக்கும், தட்டலன்னாலும் தொறக்கும். பிளாஸ்டிக் குழாய்ல சத்தம் அங்க வரைக்கும் போகவே போகாது."

"நேத்து ரொம்ப நேரம் நின்னுச்சு மேடம்" என்றாள் மகள்.

"சில நாள் உள்ள காத்து அடைச்சுக்கும்." பொறியாளர் அதைக் குழி மூடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

வால்வுக்காரம்மா டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நாளைக்குத் தண்ணி. நான் தட்டல. வந்துச்சுன்னா இவகூடப் போறேன். வரலன்னா நான் இங்கதான். நீங்க என் தலைமேல இடிச்சாலும் சரி."

*

செய்தி தெரு முழுக்கப் போய்விட்டது. மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே எல்லா வீட்டிலும் அடுப்பு அணைந்திருந்தது. குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரம், வெயில் வேறு. ஓயாமல் அழுததால் தையல்காரி வந்து தூக்கிக்கொண்டு போனாள். "நூல்கண்டக் காட்டினா அடங்கிடும். நீ போய் உங்கம்மா கைய நல்லாப் புடிச்சுக்கோ. இல்லாட்டி பழக்க தோஷத்துல தட்டிடப் போறாங்க."

அம்மாவும் மகளும் சமையலறையில் குழாய்க்கு எதிரே உட்கார்ந்தார்கள். வாளி இடத்தில் இருந்தது. கரண்டி மேடைமேல் எட்டாத தூரத்தில் இருந்தது. அம்மாவேதான் அங்கே வைத்தாள். சுவரில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. மேலே தொட்டிக்குள் ஏதோ நகர்ந்தது போல ஒரு முனகல். அது எப்போதும் கேட்பதுதான்.

மூச்சு வந்தது. கரகரத்தது. நின்றது.

அம்மா கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். விரல் கணுக்கள் வெளுத்தன. மகள் குழாயைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள். அம்மாவின் உதடு அசைந்தது. "நில்லுங்க" என்று சொன்னது போல இருந்தது. தெருவில் யாரோ, "தட்டுங்கக்கா!" என்று கத்தினார்கள். இன்னொரு குரல் அதட்டி அடக்கியது. மகளுக்குத் திடீரென்று எழுந்து ஓடிப்போய்த் தானே தட்டிவிட வேண்டும் போல ஓர் ஆத்திரம் வந்தது. இதற்காகத்தானே அம்மாவை இப்படி உட்கார வைத்தோம் என்பதுகூட மறந்துபோனது. கால் மட்டும் எழவில்லை.

தண்ணீர் வந்தது.

சாதாரணமாக வந்தது. முதலில் பழுப்பாக, பிறகு தெளிவாக. வாளி நிறைந்து வழியும் வரை இருவரும் அசையவில்லை. தெருவில் வாளிகள் மாற்றும் சத்தமும் பேச்சும் கிளம்பின. யாரோ சிரித்தார்கள், தப்பித்துவிட்ட சிரிப்பு.

அம்மா எழுந்து குழாயை மூடினாள்.

"இது அவரில்ல" என்றாள். "அவரா இருந்தா நின்னிருப்பாரு."

அன்று மாலையே பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தாள். அதன் பிறகு கிளம்பும் வரை ஒரு தண்ணீர் நாளிலும் அவள் சமையலறைக்குள் போகவில்லை. மகள்தான் பிடித்து வைத்தாள். சின்ன லாரி வந்து நின்றபோது தையல்காரி அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அந்தக் கரண்டியக் குடுத்துட்டாவது போங்கக்கா, ஒரு தைரியத்துக்கு." வால்வுக்காரம்மா, "கரண்டி கொழம்பு கிண்டறதுக்குடி" என்று சொல்லி, அதை மற்ற பாத்திரங்களோடு மூட்டையில் திணித்தாள்.

*

மகள் வீடு தரைத்தளத்தில், மாடிப்படிக்குப் பின்னால். சைக்கிள் இருந்த அறையில் அம்மாவுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். மருமகன் அவளிடம் அதிகம் பேசவில்லை. சாயங்காலம் வரும்போது மறக்காமல் பன் வாங்கி வந்தார். தொட்டியை இடித்துவிட்டார்கள் என்று தையல்காரி போனில் சொன்னாள். வானம் காலியாக இருப்பதைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாள். அம்மா, "ம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அந்த வீட்டில் தண்ணீர் வரும்போதெல்லாம் அவள் அறையில் படுத்துக்கொள்வாள். அந்தப் பகுதியின் வால்வைத் திறந்தவனுடைய கையும் அவசரக் கைதான். மூச்சு வருவதற்குள் தண்ணீர் வந்து சுவரெல்லாம் தெறிக்கும்.

மழை தொடங்கிய மாதத்தில் அந்தத் தெருமுனைக் குழிக்கும் பூட்டுப் போட்டார்கள். மகள் கடைக்குப் போகும்போது பார்த்தாள். அவசரத்தில் மறந்தும்விட்டாள்.

மேகம் கவிந்த ஒரு மதியம். அம்மா அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் கொடியிலிருந்து துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். அங்கே கைப்பிடிச் சுவரில் வடாம் போல ஒட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்த மாடிவீட்டுப் பெண், இவளைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு நேரில் பேச ஆரம்பித்தாள். காற்று எழும்பித் துணிகள் முகத்தில் அடித்தன. கீழே வரிசையாக எல்லா வீட்டுக் குழாயும் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. மெல்ல. தூக்கத்தில் விடுவது போல.

நின்றது.

"என்ன இது? வர்ற மாதிரி வந்துட்டு நின்னுடுச்சு?" என்றாள் மாடிவீட்டுப் பெண்.

மகள் துணிகளை அணைத்துக்கொண்டு நின்றாள். மோட்டார்தான். எல்லா வால்வுக்கும் போடப் போகிறோம் என்று பொறியாளர் அப்போதே சொன்னாள். கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு வந்துவிடும். அம்மாவோடு உட்கார்ந்து பார்த்ததுதானே. அவள் காத்திருந்தாள். கீழே ஒருவர் வாசலுக்கு வந்து, "தண்ணி என்னாச்சு?" என்று பொதுவாகக் கேட்டார். இன்னொரு கதவு திறந்தது. தெரு முழுக்க ஆட்கள் வெளியே வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. மழைக்கு முந்திய இருட்டில் அந்த அமைதி கனத்துக்கொண்டே போனது. அது முடியவில்லை. அன்றைக்கு நின்றதைவிட அதிகம். அதையும் தாண்டி இன்னும்.

குழந்தையைக் கூடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தாள். குழந்தை அந்த வாரம்தான் தவழக் கற்றிருந்தது.

துணிகளைப் போட்டுவிட்டு ஓடினாள். படிகளில் கால் வழுக்கியது. கூடத்தில் குழந்தை இல்லை. சமையலறைக்குப் பின்னால் குழாயடியில் தரைக்குள் இறக்கிக் கட்டிய ஒரு சிமெண்டுத் தொட்டி, பாத்திரம் ஊறவைக்கும் தொட்டி. அதற்குள் குழந்தை மல்லாந்து கிடந்தது. வடிகால் ஓட்டையைக் கந்தல் துணி அடைத்திருந்தது. குழந்தை அழவில்லை. மேலே திறந்திருந்த குழாயின் வாயைப் பார்த்து முழித்து முழித்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

வாரி எடுத்துத் தோளில் போட்டாள்.  மேடையில் கரண்டி இருந்தது. எடுத்துத் தட்டினாள். பிளாஸ்டிக் குழாய், டப், டப் என்று சுவருக்குக்கூடக் கேட்காத சத்தம்.

கரண்டியைக் கீழே வைப்பதற்குள் தண்ணீர் வந்தது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் வாளிகள் ஒலித்தன.

திரும்பினால் அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள், தூக்கத்தில் கலைந்த தலையோடு.

"நின்னுச்சா?"

மகள் தலையை ஆட்டினாள்.

"புள்ள எங்க கெடந்துச்சு?"

"தொட்டிக்குள்ளம்மா."

அம்மா பக்கத்தில் வந்தாள். குழந்தையின் தலையைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்திருந்தது. பிறகு குனிந்து, கொட்டும் தண்ணீருக்குள் கையை நீட்டி, யாருடைய கையையோ பிடித்திருப்பது போல வைத்துக்கொண்டாள்.

"ஏண்டி இவ்வளவு நேரம் நிக்க வெச்ச?" என்றாள். "தோளு கடுத்திருக்கும்."